பட்டேல் சாதிப் பெயரா, பதவிப் பெயரா?

நியூஜெர்சியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மேலாளர் பட்டேல். பக்கத்து இருக்கையில் இருப்பவர் புனேக்காரர், பாட்டீல். "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறாராம் மேலாளர். "சம்பந்தமே கிடையாது" என்கிறாராம் பாட்டீல். வாரக் கடைசியில் தங்கப் போன மோட்டல் முதலாளி பட்டேல், பருப்பும் அரிசியும் வாங்கும் கடைக்காரரும் பட்டேல். இது என்ன சாதி, இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்பது அவர் கேள்வி.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். சொல் ஒன்று, அது போய்ச் சேர்ந்த இடம் வேறு வேறு. நான் ஆணந்த் பக்கம் ஆறு வருஷம் தொழிற்சாலை வேலையில் இருந்தவன். எங்கள் வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பட்டேல்தான். சேர்ந்த முதல் வாரம் கூடத்தில் நின்று "பட்டேல் சார்" என்று கூப்பிட்டேன், ஏழெட்டுத் தலை ஒன்றாகத் திரும்பியது. அன்றிலிருந்துதான் இந்தப் பெயரைத் துருவ ஆரம்பித்தேன்.

முதலில் எழுத்து விஷயம். தமிழில் 'படேல்' என்றும் எழுதுகிறோம், 'பட்டேல்' என்றும் எழுதுகிறோம். 'படேல்' என்றால் நம் வாய் தானாகவே அதை மெலித்து வாசித்துவிடும். குஜராத்தியில் அந்த எழுத்து வல்லினமாகவே ஒலிக்கும், ஆனால் இரட்டிக்காது. நாம் ஒலிக்காக 'ட்ட' போடுகிறோம். போட்டது தற்செயலாக வரலாற்றுக்குப் பொருந்திவிட்டது, ஏனென்றால் மூலச் சொல்லில் 'ட்ட' இருந்தது.

மூலச் சொல் 'பட்டகில'. மாளவத்தை ஆண்ட பரமார மன்னர்களின் செப்பேடுகளில், 10, 11ஆம் நூற்றாண்டுகளில், இது வருகிறது. நாம் கதைகளில் கேட்ட போஜராஜன் அந்த வம்சம்தான். ஒரு ஊரையோ நிலத்தையோ தானமாகக் கொடுக்கும்போது "இந்த ஊரில் குடியிருப்போர், பட்டகிலர், நாட்டார் ஆகியோருக்கு அறிவிப்பது" என்ற பாணியில் ஏடு தொடங்கும். அரசன் ஊரோடு பேச வேண்டுமென்றால் யாரை விளித்துப் பேசுவானோ அவர் பட்டகிலர். 'பட்ட' என்றால் எழுதிக் கொடுத்த ஆவணம், அதை வைத்திருப்பவர் பட்டகிலர். நம்மூர் பட்டா, பட்டயம் எல்லாம் இதே குடும்பம். தாலுகா ஆபீசில் பட்டா மாற்றத்துக்கு அலைகிறவருக்கு பட்டேல் தூரத்துச் சொந்தம் என்றால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை.

அந்தச் சொல் மராத்தியில் 'பாட்டீல்' ஆயிற்று, குஜராத்தியில் 'பட்டேல்' ஆயிற்று. மராத்தியில் இரட்டை 'ட்ட' ஒற்றையாகி, அதற்கு ஈடாக முன்னால் உள்ள 'ப' நீண்டு 'பா' ஆனது. ஆக, வேர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் மேலாளர் சொன்னது சரி.

வேலை என்ன? ஊர்த் தலைமை என்று சொல்லிவிடலாம், ஆனால் நாட்டாமை என்று நாம் சினிமாவில் பார்க்கும் ஆள் இல்லை. முதல் வேலை வரி. எந்த நிலத்தில் யார் உழுகிறார், என்ன விளைந்தது, எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்த்து, வசூலித்து மேலே கட்டுவது. தரிசாகக் கிடக்கும் நிலத்துக்கு ஆள் பிடித்துக் குடியேற்றுவதும் அவர்தான், ஏனென்றால் உழவில்லாத நிலத்துக்கு வரி வராது. முகலாய ஆவணங்களில் 'முகத்தம்' என்று வருபவரும் பெரும்பாலும் இதே ஆள்தான். திருட்டுப் போனால் தடம் பார்ப்பது, எல்லைத் தகராறு தீர்ப்பது, படை ஊர் வழியாகப் போனால் தீவனத்துக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் கூட வரும். பக்கத்தில் கணக்கு எழுத ஒருவர் இருப்பார். மராத்தி ஊர்களில் அவர் குல்கர்ணி, குஜராத்தில் தலாட்டி. நம்மூர் மணியக்காரர், கர்ணம் ஜோடியை நினைத்துக்கொண்டால் போதும்.

மராத்தி நாட்டில் பாட்டீல் பதவி பரம்பரைச் சொத்து. அதற்கு 'வதன்' என்று பெயர். வரியில் ஒரு பங்கு, இனாம் நிலம், அதற்கு மேல் 'மான்பான்' என்கிற மரியாதைகள். மாட்டுப் பொங்கல் மாதிரி அங்கே போளா என்று ஒரு பண்டிகை. காளைகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசி ஊர்வலம் விடுவார்கள். பாட்டீல் வீட்டுக் காளைதான் முதலில் போக வேண்டும். ஹோலி நெருப்பிலும் அவருக்குத்தான் முதல் பூசை. பதவியை விற்கலாம், பாதியாகப் பிரித்தும் விற்கலாம். பிரித்து விற்றால் இந்த மரியாதைகளில் எதை யார் வைத்துக்கொள்வது என்று பத்திரத்தில் வரிவரியாக எழுதிக்கொண்டார்கள். வெற்றிலை யார் கையில் முதலில் வைப்பது என்பதற்குக்கூட வழக்கு நடந்திருக்கிறது. நம்மூர்க் கோவிலில் முதல் மரியாதைக்கு நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

எவ்வளவு மதிப்பு என்றால், டெல்லி பாதுஷாவையே தன் நிழலில் வைத்திருந்த மராத்தியத் தளபதி மகாத்ஜி சிந்தியா, தன்னைப் பாட்டீல் என்று சொல்லிக்கொள்வதில்தான் பெருமைப்பட்டார். ஊர்க்காரர்கள் பாட்டீல் பாவா என்றே அவரை அழைத்தார்கள். பெரிய பட்டங்கள் வரும் போகும், ஊர்ப் பாட்டீல் உரிமை தலைமுறைக்கும் நிற்கும் என்ற கணக்கு அது.

இப்படி ஊருக்கு ஒரு குடும்பம், அல்லது பங்கு பிரித்தால் இரண்டு மூன்று குடும்பம். அந்தக் குடும்பங்கள்தான் பிறகு பாட்டீல் என்று போட்டுக்கொண்டன. அவர்கள் மராத்தாக்களாக இருக்கலாம், லிங்காயத்தாக இருக்கலாம், ஜைனராக இருக்கலாம். ஒரு பாட்டீல் இன்னொரு பாட்டீலுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதே இல்லை. இன்றும் பாட்டீல் என்ற பெயரை வைத்துச் சாதியைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் புனேக்காரர் "சம்பந்தமில்லை" என்றார்.

குஜராத்தில் ஏன் அப்படி நிற்கவில்லை? அங்கே பட்டேல் என்ற பெயர் ஒரு குடும்பத்தைத் தாண்டி, ஒரு சாதி முழுவதன் மேலும் பரவியது எப்படி? என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் சாவி இந்தக் கேள்விதான். பதில் வரி கட்டிய முறையில் இருக்கிறது.

மகி ஆற்றுக்கும் சாபர்மதிக்கும் இடையில் சரோத்தர் என்று ஒரு பகுதி. கேடா மாவட்டம், இன்றைய ஆணந்த் மாவட்டம். நல்ல மண், புகையிலை நன்றாக வரும். அங்கே உழுதவர்கள் கண்பிகள், அதாவது குடியானவர்கள். மகாராஷ்டிரத்தில் குண்பி, வடக்கே குர்மி என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த வரிசை. சரோத்தரின் செழிப்பான ஊர்கள் பலவற்றில் 'நர்வா' என்ற ஏற்பாடு இருந்தது. அரசாங்கம் ஊருக்கு மொத்தமாக ஒரு தொகை சொல்லும். ஊர் நிலம் சில 'பாக்' ஆகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு பாகும் மறுபடி 'பட்டி'களாகப் பிரியும். மொத்தத் தொகையை இந்தப் பங்குப்படி கட்ட வேண்டும். ஒருவர் பங்கு துண்டு விழுந்தால் மற்றப் பங்காளிகள் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். தஞ்சாவூர், செங்கல்பட்டுப் பக்கம் மிராசு ஊர்கள் இருந்தனவே, ஊர் நிலம் இத்தனை பங்கு என்று கணக்கு வைத்து, அதைப் பங்காளிகள் அனுபவித்தார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி.

பட்டியை உடையவர் பட்டிதார். நம் மிராசுதார் மாதிரியான சொல். வரிப் பத்திரத்தில் அவரவர் பாகுக்கு ஒருவர் கையெழுத்து வைத்துப் பொறுப்பேற்பார். ஒரு ஊருக்கு ஒரு தலைவர் என்று இல்லாமல், பாகுக்கு ஒரு தலைவர். பாகுக்குள் எல்லாரும் அண்ணன் தம்பி வழி. அப்புறம் யார் பட்டேல், யார் பட்டேல் இல்லை? அப்பா பட்டேலாகக் கையெழுத்துப் போட்டார், பையன்கள் நாலு பேரும் பட்டேல், சித்தப்பா பையன் மட்டும் சும்மா கண்பியா? மகாராஷ்டிரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றுபோன பெயர், இங்கே தெரு முழுக்க நுழைந்தது இப்படித்தான். 1862இல் பம்பாய் அரசாங்கம் பாக்தாரி, நர்வாதாரி நிலங்களை உடைத்து விற்கக் கூடாது என்று தனிச் சட்டமே போட்டது.

அந்த ஊர்களை நேரில் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். பழைய சரோத்தர் ஊரில் தெருவை 'கட்கி' என்பார்கள். முகப்பில் பெரிய மரக் கதவு, உள்ளே போனால் முடுக்கு மாதிரி ஒரு சந்து, இரண்டு பக்கமும் ஒட்டிய வீடுகள், எல்லாம் ஒரே பங்காளிகள். ராத்திரி கதவை அடைத்தால் ஒரு வம்சம் முழுக்க உள்ளே. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். அந்தச் சந்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஒவ்வொரு பூட்டையும் காட்டி "இது லண்டன், இது நைரோபி, இது சிகாகோ" என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாக் கதவிலும் ஒரே பெயர்ப்பலகை.

கண்பி என்ற பெயரில் ஒரு தாழ்ச்சி ஒட்டியிருந்தது. பட்டிதார் என்பதில் சொத்தும் கௌரவமும் இருந்தது. வசதி வந்த குடும்பங்கள் மெல்லப் பழைய பெயரைக் கைவிட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குள் பட்டிதார் என்ற பெயர் அரசாங்க ஏட்டிலேயே ஏறிவிட்டது. ஆக, இன்று சாதியின் பெயர் பட்டிதார், அதில் லேவா, கட்வா என்று இரண்டு பெரும் பிரிவு. பெயருக்குப் பின்னால் போடுவது பட்டேல்.

எல்லாரும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சரோத்தரிலேயே பட்டேலை விடப் பெரிய பதவி வகித்த வீடுகள் அந்தப் பதவியின் பெயரைப் போட்டுக்கொண்டன. வரி மதிப்பிட்டவர் வழி அமீன், பல ஊர்களுக்குச் சேர்த்துப் பொறுப்பு வகித்தவர் வழி தேசாய். அதிலும் குழப்பம் உண்டு. காந்தியோடு நின்று தன் சமஸ்தானத்தை இழந்த வசோ ஊர் தர்பார் கோபால்தாஸ் தேசாய், பட்டிதார். பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய், அனாவில் பிராமணர். பதவி யார் கையில் இருந்ததோ அவர் சந்ததிக்குப் பெயர் போயிற்று, அவ்வளவுதான்.

சௌராஷ்டிரத்துக்குப் போனால் நான் சொல்கிற விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கேயும் லேவா, கட்வா பட்டிதார்கள் ஏராளம். ஆனால் பெயரைப் பாருங்கள்: மாண்டவியா, ரூபாலா, வாகானி, டோலாக்கியா. மத்திய அமைச்சர் மன்சுக் மாண்டவியா பட்டிதார், சூரத் வைரத் தொழிலில் பேர் வாங்கிய டோலாக்கியாக்களும் அப்படியே. அங்கே நிலம் கிராசியாக்கள் எனப்படும் ராஜபுத்திர நிலக்கிழார்கள் கையில் இருந்தது, கண்பிகள் குத்தகைக்கு உழுதார்கள். 1951இல் சௌராஷ்டிர நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்த பிறகுதான் உழுதவனுக்கு நிலம் சொந்தமானது. பங்காளியாக உட்கார்ந்து வரிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அனுபவம் அவர்களுக்கு இல்லை. குலப்பெயர் கெட்டியாக நின்றது. 'பட்டேல்' அவர்களுக்குப் பேச்சு வழக்கு மரியாதை, கவுண்டரே, தேவரே என்று நாம் கூப்பிடுகிற மாதிரி.

சொல்லவே வேண்டியதில்லை, இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் மிகப் பெரியவர் வல்லபாய் பட்டேல். பிறந்தது 1875இல் நடியாதில், சொந்த ஊர் கரம்சாத், இரண்டும் சரோத்தர். அவருடைய அண்ணன் விட்டல்பாய். அப்பா பெயர் ஜவேர்பாய். குஜராத்தியில் தன் பெயர், அப்பா பெயர், பிறகு 'அடக்' எனப்படும் குடும்பப் பெயர், இந்த வரிசை. அதைச் சுருக்கினால் அண்ணனும் வி.ஜே. பட்டேல், தம்பியும் வி.ஜே. பட்டேல். வக்கீல் தொழிலில் காசு சேர்த்து, பாரிஸ்டர் படிக்க இங்கிலாந்து போகத் தம்பி ஏற்பாடு செய்தார். கப்பல் கம்பெனிக் கடிதம் 'வி.ஜே. பட்டேல்' என்று வந்தது, போய்ச் சேர்ந்தது அண்ணன் கையில். அண்ணன் இருக்கத் தம்பி முதலில் போனால் ஊர் என்ன சொல்லும் என்று விட்டல்பாய் கேட்டார். தம்பி விட்டுக்கொடுத்தார். 1905இல் அந்தச் சீட்டில் அண்ணன் கப்பலேறினார், அவர் குடும்பத்தைத் தம்பி பார்த்துக்கொண்டார். வல்லபாய் போக 1910 ஆயிற்று.

இந்தக் கதையை நான் ரசித்துக் கேட்டதற்குச் சொந்தக் காரணம் உண்டு. எங்கள் தொழிற்சாலையிலும் முதலெழுத்து, அப்பா எழுத்து, பட்டேல் மூன்றும் ஒத்த இருவர் இருந்தார்கள். ஒருவர் வெளியூர் போய் வந்த பயணப்படி இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது. வாங்கியவர் இரண்டு மாசம் வாயே திறக்கவில்லை. அவரும் அண்ணன் முறைதானாம், கேட்டபோது அதைத்தான் சொன்னார்.

1928இல் பர்தோலி. சூரத் மாவட்டத்தில் ஒரு தாலுகா. நிலவரியை 22 சதவீதம் உயர்த்தியது அரசாங்கம், கட்ட மாட்டோம் என்றார்கள் விவசாயிகள், தலைமை வல்லபாய். அவருக்கு 'சர்தார்' என்ற பெயர் ஒட்டியது அங்கேதான். இதில் நம் விஷயத்துக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஊர் ஊராகச் சர்க்கார் சம்பளத்தில் நிஜப் பட்டேல்கள் இருந்தார்கள். ஜப்தி செய்ய வரும் அதிகாரிக்கு இது இன்னார் வீடு, இது இன்னார் எருமை என்று அடையாளம் காட்ட வேண்டியது அவர்கள் வேலை. பட்டேல் என்று குடும்பப் பெயர் கொண்ட ஒருவர், பட்டேல் என்ற உத்தியோகத்தை விட்டுவிடுங்கள் என்று ஊருக்கு ஊர் கேட்டார். பட்டேல்களும் தலாட்டிகளும் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். ஆகஸ்டில் சமரசம் வந்தபோது, விலகியவர்களைத் திரும்ப வேலையில் சேர்ப்பதும் அதில் அடக்கம். பிறகு விசாரித்த குழு உயர்வை 6.03 சதவீதமாகக் குறைத்தது. ஒரே சொல் பெயராகவும் பதவியாகவும் ஒரே மேடையில் நின்ற கடைசிக் காலம் அது என்று எனக்குத் தோன்றும்.

பதவி பிறகு ஒவ்வொரு மாநிலமாகப் போனது. மகாராஷ்டிரத்தில் வருவாய்ப் பாட்டீல் பதவியை 1962இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆனால் போலீஸ் பாட்டீல் என்று ஒரு பதவி இன்றும் கிராமங்களில் இருக்கிறது, வேறு குடும்பப் பெயர் கொண்டவர்களும் அதில் இருப்பார்கள். தெலங்கானாவில் பட்டேல், பட்வாரி (ஊர்க் கணக்கர்) முறையை என்.டி. ராமாராவ் ஒழித்தார். நம்மூரில் மணியக்காரரும் கர்ணமும் 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நமக்கும் அவர்களுக்கும் ஒரே வித்தியாசம், நாம் அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டதால் 'மணியக்காரர் வீடு' என்பது ஊருக்குள் அடையாளமாக மட்டும் நின்றது, பாஸ்போர்ட்டில் ஏறவில்லை. யாழ்ப்பாணத்தில் விதானையார் வீடு, உடையார் வீடு என்பார்களே, அதுவும் இப்படித்தான்.

பாஸ்போர்ட் என்றதும் கடல் கடந்த கதைக்கு வரலாம். 1896இல் தொடங்கி 1901இல் விக்டோரியா ஏரியை எட்டிய உகாண்டா ரயில் பாதைக்கு இந்தியாவிலிருந்து 30,000க்கு மேல் கூலியாட்கள் போனார்கள். பெரும்பாலும் பஞ்சாபிகள், பட்டேல்கள் இல்லை. பாதை போட்ட பிறகு அதை ஓட்ட ஆள் வேண்டுமே. ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா, கணக்கர் வேலைக்குச் சரோத்தர்ப் பையன்கள் போனார்கள். ஊரில் 1899-1900 பஞ்சம் உரித்துப் போட்டிருந்தது. விக்கிரம ஆண்டு 1956 என்பதால் அதை 'சப்பனியோ' என்பார்கள், ஐம்பத்தாறாம் வருஷத்துப் பஞ்சம் என்று பொருள். பின்னாலேயே பிளேக். நிலமோ பங்கு பங்காகச் சிறுத்துவிட்டது. ஒருவன் போனான், தம்பியை அழைத்தான், தம்பி மைத்துனனை அழைத்தான்.

கப்பல் சீட்டு, சம்பளப் பட்டியல், குடியேற்றப் பதிவு எல்லாவற்றிலும் கடைசிப் பெயர் கேட்டார்கள். சரோத்தர்க்காரனிடம் சொல்வதற்குக் கைவசம் இருந்தது பட்டேல். ஊரில் பாதி மரியாதையாகவும் பாதி பதவியாகவும் நெகிழ்ந்து கிடந்த சொல், அந்நியன் ஏட்டில் மை காய்ந்ததும் கெட்டியாகிவிட்டது.

1972 ஆகஸ்டில் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்தார். சுமார் 28,000 பேர் பிரிட்டனுக்குப் போனார்கள். எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டாப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது. வந்தவர்கள் லெஸ்டருக்கும் வந்தார்கள், அந்த ஊரே அவர்களால் நிமிர்ந்தது என்று பிற்பாடு பேசினார்கள். பிரிட்டனில் மூலைக்கு மூலை பேப்பர்க் கடை வைத்த பட்டேல்கள் பலர் இந்தக் கிழக்காப்பிரிக்க வழி. உள்துறை அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேலின் பெற்றோரும் உகாண்டாவிலிருந்து போனவர்களே, ஆனால் அமீனுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

இனி மோட்டல். ஆரம்பித்து வைத்தவராகச் சொல்லப்படுபவர் பட்டேல் இல்லை! காஞ்சிபாய் தேசாய், தெற்கு குஜராத்துக்காரர். 1940களில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சின்னத் தங்கும் விடுதியை எடுத்து நடத்தினார். புதிதாக வரும் குஜராத்திகளிடம் "பட்டேலாக இருந்தால் ஒரு ஹோட்டலைக் குத்தகைக்கு எடு" என்று சொல்வாராம். 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகு வரத்து பெருகியது. 1970களில் எண்ணெய் நெருக்கடி, நெடுஞ்சாலையோர மோட்டல்கள் படுத்துக் கிடந்தன, விலை மலிவு. வாங்கினால் குடியிருக்க வீடு இலவசம். அறை சுத்தம் செய்ய மனைவி, வரவேற்பு மேசையில் அப்பா, பள்ளிக்கூடம் விட்டு வந்து துணி மடிக்கப் பிள்ளைகள். சம்பளம் என்று வெளியே போவது கிடையாது. முன்பணம் சொந்தக்காரர்களிடம் கைமாற்று, பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. அடுத்தவன் மோட்டல் வாங்கும்போது நீ கொடு, அவ்வளவுதான். அடிப்படையில் பழைய நர்வாவேதான், ஒருவன் துண்டு விழுந்தால் பங்காளி தாங்குவான்.

பெயர் அங்கே தொல்லையாகவும் ஆனது. பட்டேல் என்றாலே இன்சூரன்ஸ் கம்பெனிகள் கதவைச் சாத்திய காலம் ஒன்று உண்டு. அதைச் சமாளிக்கத்தான் 1980களில் டென்னசியில் ஒரு சங்கம் தொடங்கினார்கள், 1989இல் அட்லாண்டாவில் ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் வந்தது. அமெரிக்க ஹோட்டல்களில் 60 சதவீதம் தங்கள் உறுப்பினர்களுடையது என்கிறது அந்தச் சங்கம். இன்னொரு கணக்கும் சொல்கிறேன்: அமெரிக்கக் குடும்பப் பெயர்ப் பட்டியலில் 2000இல் பட்டேல் 172ஆவது இடம், ஏறத்தாழ 1,45,000 பேர். 2010இல் 95ஆவது இடம், ஏறத்தாழ 2,30,000 பேர். அந்தப் பட்டியலில் தலைமுறை தலைமுறையாக முதலிடம் ஸ்மித், அதாவது கொல்லன். கொல்லனும் மணியக்காரனும் ஒரே பட்டியலில்!

ஆனால் எல்லாப் பட்டேலும் பட்டிதார் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பரூச் பக்கம் முஸ்லிம் பட்டேல்கள் உண்டு. உழவர் குடியிலிருந்து இஸ்லாத்துக்கு மாறிய சுன்னி வோரா குடும்பங்கள், ஊர்த் தலைமைப் பெயரை விடவில்லை. காங்கிரசின் அகமது பட்டேல், கிரிக்கெட் வீரர் முனாஃப் பட்டேல் இருவரும் பரூச் மாவட்டம். மும்பையில் பிறந்து நியூசிலாந்துக்கு ஆடி, 2021 டிசம்பரில் அதே மும்பையில் ஒரே இன்னிங்சில் பத்து விக்கெட்டும் எடுத்த அஜாஸ் பட்டேலும் முஸ்லிம்தான். தெற்கு குஜராத்தில் கோலி சாதியினரும் தோடியா பழங்குடியினரும் பட்டேல் போடுகிறார்கள். பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்துக்கு இந்தப் பெயர் வந்த கதை தனி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜஞ்சிராக் கடற்கோட்டையை ஆண்ட, ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் பம்பாயைத் தாக்கியபோது, ருஸ்தம் தோராப்ஜி என்பவர் கோலி மீனவர்களைத் திரட்டி எதிர்த்தார். அதற்குப் பரிசாக ஆங்கிலேயர்கள் அவரைக் கோலிகளின் பட்டேல் ஆக்கினார்கள். கர்நாடகத்தில் முதல்வராக இருந்த ஜே.எச். பட்டேல் லிங்காயத்து. உத்தரப் பிரதேசத்தில் அனுப்ரியா பட்டேல் குர்மி. அங்கே குர்மிகள் சர்தாரைத் தங்கள் ஆளாகக் கொண்டாடி இந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது பரவலாயிற்று. அங்கே அது எந்த ஊர் மணியத்திலிருந்தும் வந்ததல்ல.

குஜராத்துக்கு இதுவரை பட்டேல் என்ற பெயரில் ஐந்து முதல்வர்கள்: பாபுபாய், சிமன்பாய், கேசுபாய், ஆனந்திபென், பூபேந்திர. அந்த மாநிலத்தில்தான் 2015 ஆகஸ்ட் 25 அன்று அகமதாபாத் மைதானத்தில் லட்சக்கணக்கில் பட்டிதார்கள் கூடி, எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேருங்கள் என்று கேட்டார்கள். நிலம் சிறுத்தவன், மோட்டல் வாங்க அமெரிக்கா போகாதவன், சூரத் பட்டறையில் வைரம் தீட்டி வேலை போனவன் எல்லாரும் அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு பட்டேல் என்றால் பணக்காரன்.

உங்கள் மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் எந்தப் பட்டேல் என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அவர்களாலேயே முடியாது. இரண்டு பட்டேல்கள் முதல்முறை சந்தித்தால் அடுத்த கேள்வி "கயு காம்?", எந்த ஊர் என்று அர்த்தம். கரம்சாத், நடியாத், வசோ, சோஜித்ரா, தர்மஜ், பாத்ரண் ஆகிய ஆறும் பெண் கொடுத்து எடுக்கும் வட்டத்தில் உசத்தி என்று தங்களை வைத்துக்கொண்ட ஊர்கள். அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்குத் தலைவரான காஷ் பட்டேலின் பூர்வீகம் இந்தப் பாத்ரண் என்று செய்தி வந்தபோது, என் பழைய சக ஊழியர் ஒருவர் போன் பண்ணி முதலில் சொன்னது அவர் பதவியை இல்லை. "ஆறு ஊர்க்காரன்ப்பா" என்றார்.

நீங்களும் ஊரைக் கேளுங்கள், சாதியைக் கேட்காதீர்கள். ஊரைச் சொன்ன பிறகு எந்தக் கட்கி என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். என் மேலாளரிடம் நான் அப்படிக் கேட்ட அன்றைக்குத்தான் மனிதர் கணினியை மூடிவிட்டு டீ சொன்னார்.